மாப்பிள்ளையின் அம்பாசிடர்



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். தென்னந்தோப்பு ஒன்றில் பதினான்கு பழைய கார்கள் வரிசையாக நிற்கும் படம். "சார், ரிட்டயர்டு ஆகி கார் வாங்கிட்டீங்களா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியரின் ஓய்வூதியத்தில் அந்தக் காருக்கு டயர் வேண்டுமானால் வாங்கலாம். கார் என் தங்கை வீட்டுக் கார். இரண்டு நாள் அந்தக் கார்களோடு ஊர் சுற்றிவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

கோவையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள். பழைய கார் என்றதும் பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைப்போம். இந்தக் குழுவில் லேத் பட்டறை வைத்திருப்பவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், ஒரு பல் டாக்டர், இரண்டு தென்னை விவசாயிகள், ஒரு பேக்கரிக்காரர். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கார் அப்பாவுடையது அல்லது மாமனாருடையது. விற்க மனம் வரவில்லை, அதனால் ஓட்டுகிறார்கள். அவ்வளவுதான். வருடத்துக்கு இரண்டு முறை சனி, ஞாயிறு பார்த்து கிராமப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். இந்த மாசி மாதப் பயணம் பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் திருமூர்த்திமலை அடிவாரம்.

என் தங்கை வீட்டுக்காரர் (எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்றே கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன்) தளிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயி. 1983-இல் பொள்ளாச்சி வெல்ல மண்டிக்காரர் ஒருவரிடம் 1971 மாடல் அம்பாசிடர் மார்க் டூ ஒன்றை வாங்கினார். கையில் பணம் இருந்தாலும் புது ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஊரில் அப்போது வேறு கார் கிடையாது. முப்பத்தொன்பது வருடம் அவரே ஓட்டினார், அவரே துடைத்தார். இரண்டரை வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். தங்கை கோவையில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கார் மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நின்றது.

தங்கை மகள் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பா செல்லம். அவள்தான் லாரி பிடித்து வண்டியைக் கோவைக்குக் கொண்டுவந்து, உக்கடம் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் விட்டாள். வயது எழுபத்திரண்டு. எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருடம் சும்மா நின்ற வண்டிக்கு என்னவெல்லாம் ஆகும் என்று பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெட்ரோல் டேங்க் உள்பக்கம் துரு. பிரேக் சிலிண்டர்கள் நான்கும் இறுகிவிட்டன. ரப்பர் குழாய் எல்லாம் வெடித்துவிட்டன. ஒயரிங்கில் பாதியை எலி தின்றுவிட்டது. "ஓடுற வண்டி கெட்டுப்போகாதுங்க சார். நிக்கிற வண்டிதான் கெடும்" என்றார். நான்கு மாதத்தில் வண்டியை எழுப்பிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஓர் ஓட்டல்காரர் வந்து சேர்ந்தார். நெடுஞ்சாலையில் பெரிய ஓட்டல் வைத்திருக்கிறார். வாசலில் வைக்க ஒரு பழைய அம்பாசிடர் வேண்டுமாம். எஞ்சினைக் கழற்றிவிடுவார்கள். மேல்கூரையை வெட்டி, உள்ளே ஒரு மேசை போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடிக்கலாம். பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை லட்சம் தருகிறேன் என்றார்.

மகள் முகம் சுண்டிப்போனது. ஆனால் வண்டிப் புத்தகம் இப்போது என் தங்கை பெயரில். அவள் என்னிடம் சொன்னாள்: "குடுத்தர்லாம்ணா. 96-ல எஞ்சினுக்கு ரீபோர் அடிக்கணும்னு என் வளையல் ரெண்டையும் கொண்டுபோய் வெச்சாரு. அது திரும்பவே இல்ல. இந்தக் காசு வந்தா அந்தக் கணக்காச்சும் நேராகும்."

வளையல் கதையை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன். அதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. மகள் மட்டும் கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவ ஊர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தர்லாம்மா. அப்புறம் உன் இஷ்டம்." அந்தப் பயணத்துக்குத்தான் என்னையும் அழைத்தார்கள். ஓட்டல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு பதில் சொல்வதாகத் தங்கை சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மகள் ஓட்டினாள். நான் முன்சீட்டில். முன்சீட் ஒரே நீளப் பெஞ்சு. கியர்க்கம்பி ஸ்டியரிங் தண்டோடு இருப்பதால் நடுவில் இடைஞ்சல் இல்லை. தாராளமாக மூன்று பேர் உட்காரலாம். "முன்னாடி வாம்மா" என்று மகள் எவ்வளவோ கூப்பிட்டாள். தங்கை பின்சீட்டை விட்டு அசையவில்லை.

இந்தக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. எந்த வண்டி மெதுவாகப் போகுமோ அதுதான் முதலில் போகவேண்டும். மற்றவை அதன் பின்னால். யாரும் முந்தக் கூடாது. கடைசியில் பாய் ஒரு பழைய ஜீப்பில் உதிரிபாகங்களோடு வருவார். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. சுற்றுலா கூட்டிப்போகும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை முன்னால் விட்டு நடக்கவைப்போமே, அதே கணக்கு. ஆகவே ஒரு மாரிஸ் மைனர் தலைமை தாங்கியது. அந்த வண்டியில் திரும்புவதற்கு விளக்கு மினுக்குவதில்லை. இரண்டு கதவுக்கும் நடுத்தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். கிணத்துக்கடவில் இட்லி சாப்பிட நிறுத்தியபோது, பள்ளிக்கூடத்துப் பையன்கள் அந்தக் கையை நீட்டி மடக்கச் சொல்லி ஓட்டுநரைப் பாடாய்ப்படுத்திவிட்டார்கள்.

இன்னொரு வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் சென்னையிலேயே, வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் பத்து வருடம் செய்த கார். அதன் பானெட்டைத் திறப்பதே ஒரு வேடிக்கை. மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாமாக முன்பக்கம் முழுவதும் முதலை வாய்போலச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ரிப்பேர் பார்க்கலாம். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. அம்பாசிடரும் நின்றுவிட்டது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற கார்தான் நம் நாட்டுக்கு வந்து அம்பாசிடர் ஆயிற்று. அது பிறந்த ஊரில் மறைந்து எத்தனையோ வருடம் கழித்தும் நம் சாலையில் அமைச்சரையும் மணப்பெண்ணையும் சுமந்துகொண்டிருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை சாலையைப் பிடித்தோம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, தானே ஓட்டுநராக இருந்து முதலில் ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்தான். அவர் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகம் கோவை அவிநாசி சாலையில் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். நான் கோமங்கலம் தாண்டும்போது இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். தங்கை பின்னாலிருந்து "ஓட்டறவளுக்குப் பாடம் நடத்தாதீங்கண்ணா" என்றாள்.

பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. மாசி வெயில்தான் என்றாலும் நிழல் வேண்டுமே. சாலைகளை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போய்விட்டன. காற்றாலைகள் அசையாமல் நின்றன. அவற்றுக்கு வேலை வைகாசி பிறந்தால்தான். எங்களுக்கு முன்னால் போன ஃபியட் இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றுவிட்டது. பதினான்கு வண்டியும் ஓரங்கட்டின.

பாய் இறங்கி வந்தார். கருவி எதையும் எடுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, எஞ்சின் பக்கத்தில் இருந்த பெட்ரோல் பம்பைச் சுற்றிப் போட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம். வண்டி கிளம்பிவிட்டது. விளக்கம் கேட்டேன். எஞ்சின் சூட்டில் பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. அந்தப் பம்பு திரவத்தைத்தான் இழுக்கும், ஆவியை இழுக்காது. ஈரத்துணி சூட்டைத் தணித்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகிறது. ஆவியாதல், குளிர்தல் என்று ஐந்தாம் வகுப்பில் எத்தனை வருடம் கரும்பலகையில் படம் போட்டிருப்பேன்! அந்தச் சாலையோரத்தில் என் தங்கை மகளும் குனிந்து நின்று, துண்டு எந்த இடத்தில் சுற்றியிருக்கிறது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

மாலை நான்கு மணிக்குத் திருமூர்த்திமலை அடிவாரத்தில், குழுவிலுள்ள விவசாயி ஒருவரின் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் பார்த்த படம் அங்கே எடுத்ததுதான். எதிரே மலை. பக்கத்தில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து வாய்க்கால் சத்தம். சிலர் அமணலிங்கேசுவரரைக் கும்பிடப் போனார்கள். மற்றவர்கள் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு பேச உட்கார்ந்தார்கள்.

என்ன பேசினார்கள்? எல்லாம் வண்டிதான். யார் வண்டியில் பழைய எஞ்சின் மாறாமல் இருக்கிறது, யார் பெயின்ட் பழைய நிறம் என்று ஒரு போட்டி. பிறகு சட்டம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதலில் பதிவாகி ஐம்பது வருடம் தாண்டிய, உருமாறாத வண்டியைப் பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்துவிட்டால் தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, ரிப்பேர், பெட்ரோல் இவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். பதியாமல் சாதாரண வண்டியாகவே வைத்திருந்தால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதி காட்டிப் புதுப்பிக்கவேண்டும். அந்தக் கட்டணத்தையும் 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ஆக்கினார்கள். இதெல்லாம் போதாதென்று இப்போது பெட்ரோலில் இருபது பங்கு எத்தனால். எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் எங்கள் வண்டிக்கு எல்லாக் குழாயையும் பாய் மாற்றியிருந்தார்.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஓட்டல்காரர் இரண்டு முறை போன் செய்தார். "நாளைக்குச் சொல்றேனுங்க" என்றாள்.

ராத்திரி சாப்பாடு முடிந்தது. எங்கள் வண்டியின் ஒரு பக்க விளக்கு எரியவில்லை. ஃபியூஸ் இருக்கிறதா என்று டேஷ்போர்டு பெட்டியைப் பாய் துழாவினார். ஃபியூசோடு சேர்ந்து ஒரு நோட்டும் வந்தது. நீள வாக்கில் மடித்த, அட்டை போட்ட கணக்கு நோட்டு. மாப்பிள்ளையின் கையெழுத்து. மகள் அதைப் பார்த்ததே இல்லையாம். பெட்டியின் உள்மடிப்பில் செருகிக் கிடந்திருக்கிறது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் வாசித்தேன். வாசிப்பது என் தொழிலாயிற்றே.

தேதி, கிலோமீட்டர், எங்கே, எதற்கு, வரவு என்று ஐந்து கட்டம். பாதிப் பக்கம் பெட்ரோல், பஞ்சர், ஆயில். நடுநடுவே வேறு மாதிரி வரிகள். "இரவு 1.20. தெற்கு வீதி. பாம்புக்கடி. உடுமலை ஆஸ்பத்திரி. பிழைத்தான்." "இரவு 3.00. மேலக்காட்டு மருமகள். பெண் குழந்தை." "மாலை 6. பெரியவர். பொள்ளாச்சி. வழியில் போய்விட்டார்." இந்த வரிகளுக்கு நேரே வரவுக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. ஒன்றிலும் ரூபாய் இல்லை.

நான் எண்ணிப் பார்த்தேன். 1983 முதல் 2008 வரை நாற்பத்தேழு தடவை. அதற்கப்புறம் அந்த மாதிரி வரியே இல்லை. ஏன் என்று யோசித்தபோது பல் டாக்டர்தான் சொன்னார். 2008 செப்டம்பரில்தான் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது.

சுற்றி நின்றவர்கள் யாரும் பேசவில்லை. பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரிய மனுசனுங்க" என்றார் பாய். எல்லோரும் தங்கையைப் பார்த்தோம். அழுவாள் என்று நினைத்தோம்.

அவள் கேட்டாள்: "மறுநாள் காலைல அந்தச் சீட்டக் கழுவினது ஆருன்னு எழுதியிருக்கறாராண்ணா?"

நான் நோட்டைப் புரட்டினேன். எழுதவில்லை.

"நாற்பத்தேழுன்னா நாற்பத்தேழு தடவையும் நாந்தான் கழுவினேன். ரத்தமும் வாந்தியுமா இருக்கும். ராத்திரி ஆராச்சும் கதவத் தட்டுனா முதல்ல முழிக்கறது நானு. அவரு வண்டி எடுக்கறதுக்குள்ள பிளாஸ்க்குல சுடுதண்ணி ஊத்தி, டார்ச்சு எடுத்துக் குடுத்து, பின்சீட்டுல என் பழைய சேல ஒண்ண விரிச்சுவுடுவேன். எத்தன சேல போச்சுன்னு கணக்கில்ல. அப்புறம் அவரு திரும்பி வர்ற வரைக்கும் திண்ணைலயே உக்காந்திருப்பேன். ஊரெல்லாம் அவரக் கும்புட்டாங்க. கும்புடட்டும். நாளைக்கு அந்தச் சீட்டுல உக்காந்து ஆரோ காப்பி குடிச்சா எனக்கென்ன போச்சு?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. வளையல் கதையைத்தான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தச் சேலைக் கதையை ஒரு நாளும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் ஊர் வழியாகத் திரும்புவதாகத் திட்டம். பிள்ளையார் கோயில் திடலில் வண்டிகளை நிறுத்தி மோர் குடித்துவிட்டுக் கிளம்பவேண்டும். பதினான்கு கார் ஊருக்குள் நுழைந்தால் சும்மா இருப்பார்களா? கல்யாண ஊர்வலம் என்றே நினைத்துவிட்டார்கள். பிள்ளைகள் ஹெரால்டைச் சுற்றிக்கொண்டன. என்னிடம் படித்த இரண்டு பேர் தலை நரைத்துப்போய் வந்து வணக்கம் வைத்தார்கள்.

பெரியவர்கள் மட்டும் நேராக அம்பாசிடரிடம் வந்தார்கள். டி.என். என்று தொடங்காத அந்தப் பழைய மூன்றெழுத்து எண் அவர்களுக்கு மனப்பாடம். ஒருவர் பானெட்டைத் தடவிப் பார்த்தார். ஒருவர் தன் கணுக்காலைக் காட்டி, "இந்தக் கடிதானுங்க சார்" என்றார். நோட்டில் "பிழைத்தான்" என்று இருந்த ஆள்!

அப்புறம் ஒரு கிழவி கோலூன்றிக்கொண்டு வந்தார். கூடவே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். அங்கன்வாடியில் வேலையாம். அவளை ஊரே "பிளஷரு" என்று கூப்பிடுகிறது. காரைப் பிளஷர் என்று சொன்ன காலம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். உடுமலைக்குப் போகும் வழியில், வாய்க்கால் பாலத்தில், இந்த வண்டியின் பின்சீட்டிலேயே அவள் பிறந்துவிட்டாள். அதனால் வந்த பட்டப்பெயர்.

கிழவி வண்டியைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் இருந்த என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீ விரிச்சுவுட்ட சேலதான் சாமி, பச்சக் கரை போட்ட நூல் சேல. அதுலதான் இவளச் சுத்தி எடுத்தாங்க. தொவச்சு வெச்சேன். இவளுக்குத் தூளி அதுதான். இவ தம்பிக்கும் அதுதான். இவ மகனுக்கும் அதுலதான் தூளி கட்டுனோம். திருப்பிக் குடுக்கோணும்னு எத்தனயோ தடவ நெனச்சேன். குடுக்க மனசு வரல."

"பச்சக் கரையா? அது எங்கம்மா எடுத்துக் குடுத்ததாச்சே" என்றாள் தங்கை. அப்போதுதான் அழுதாள்.

அதன் பிறகு மோர் குடிக்க வந்த கூட்டம் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார்கள். ஆனால் தங்கையைப் பார்த்துச் சொன்னார்கள். பிளாஸ்க் சுடுதண்ணியைச் சொன்னார்கள். திண்ணையில் எரிந்த விளக்கைச் சொன்னார்கள். மாப்பிள்ளை உயிரோடு இருந்தவரை எல்லாரும் அவரிடம்தான் நன்றி சொன்னார்கள். அது நியாயம்தான், ஓட்டியவர் அவர். உள்ளே இருப்பவளிடம் வந்து தனியாகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வண்டி அங்கே போய் நின்ற பிறகு தோன்றியது.

வண்டி கிளம்பும்போது தங்கை பின்கதவைச் சாத்திவிட்டு, என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணா" என்றாள். முன்சீட்டில் நாங்கள் மூன்று பேர். உடுமலை வரும்வரை ஒன்றும் பேசவில்லை. உடுமலை தாண்டியதும் மகளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இன்சூரன்ஸ் எவ்வளவு? டயர் எத்தனை வருசம் வரும்? லிட்டருக்கு எவ்வளவு போகுது? பாய்க்கு அப்புறம் இதை யார் பார்ப்பா? கடைசிக் கேள்விக்கு மகளிடம் பதில் இல்லை. எனக்கும் அதுதான் பெரிய கேள்வியாகத் தோன்றியது. பதினான்கு வண்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு பாய். அவருடைய இரண்டு மகன்களும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

கிணத்துக்கடவில் டீக்கு நிறுத்தியபோது, தங்கை தானே ஜீப்பிடம் போனாள். "பாய், ஞாயித்துக்கிழமைல இந்தப் புள்ளைக்கு வேலை சொல்லிக் குடுப்பீங்களா?"

பாய் சிரித்தார். "கையில கிரீஸ் ஆகுமே அம்மணி?"

"கழுவிக்கலாம்" என்றாள் என் தங்கை.

அன்று இரவு எட்டு மணிக்கு ஓட்டல்காரர் போன் செய்தார். இரண்டு லட்சம் தருகிறேன் என்றாராம். தங்கை அவரிடம் கோபப்படவில்லை. "வண்டி இன்னும் ஓடுதுங்க. ஓடற வரைக்கும் ஓடட்டும். நின்னுபோச்சுன்னா நானே உங்களுக்குச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வளையல் திரும்பவில்லை. அதை இனியும் சொல்லிக்காட்டுவாள், எனக்குத் தெரியும். சொல்லட்டும்.

மூன்று ஞாயிறாக மகள் பாயிடம் போகிறாள். பாயிண்டுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடவேண்டும், கார்பரேட்டரை எப்படிக் கழற்றித் துடைப்பது என்று தன் கம்பெனி நோட்டிலேயே எழுதிக்கொள்கிறாள். பேக்கரிக்காரரின் மகனும் கூடச் சேர்ந்துவிட்டானாம். வகுப்பு என்று ஆரம்பித்தால் இரண்டு மாணவர்கள் போதும். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஒன்பது பேர்தான்.

மாப்பிள்ளையின் நோட்டு இப்போது தங்கையிடம் இருக்கிறது. போன வாரம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை அவள் கையால் எழுதியிருக்கிறாள். தேதி, கிலோமீட்டர், எங்கே, எதற்கு. வரவுக் கட்டத்தில் அவள் கோடு போடவில்லை. "மோர், இளநீர், ஒரு கூடை தக்காளி" என்று எழுதியிருக்கிறாள்.

பழைய கார்களைப் பார்க்கும்போது என்ன மாடல், என்ன விலைக்குப் போகும் என்று கேட்கிறோம். தவறில்லை. கூடவே, இதில் யாரெல்லாம் ஏறினார்கள் என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 108 வருவதற்கு முன்னால் உங்கள் ஊரிலும் ஒரு வண்டி இருந்திருக்கும். அம்பாசிடரோ, ஃபியட்டோ, ஜீப்போ, ஒரு டிராக்டரோ, வில்வண்டியோ. நடு ராத்திரியில் தட்டினால் கதவு திறந்த வீடு ஒன்று இருந்திருக்கும். அதை ஓட்டியவர் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வீட்டு அம்மா இருந்தால், இந்த வாரம் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போய் வந்தவர்கள் இங்கே கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.